அச்சக்கோடு

சுடலைமணியின் கோடு எழும்பவே இல்லை.

அப்பாஸ் முதலில் கருவியைத்தான் சந்தேகித்தார். நெற்றிப்பட்டையைக் கழற்றித் துடைத்து மறுபடி கட்டிவிட்டு, இன்னொரு தடவை பாடிப் போகச் சொன்னார். இருபத்தொரு வயதான சுடலைமணி சலிக்காமல் தலையாட்டிவிட்டு நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டான். எதிர்ப்பக்கம் ஏழு பேர் கைகோத்து நின்றார்கள். 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே உள்ளே போனவன், இடது மூலையில் நின்றவனின் முழங்காலைத் தொட்டான். நான்கு பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். அவர்களையும் இழுத்துக்கொண்டு வந்து கோட்டில் கையை வைத்தான். பன்னிரண்டு அணிகளின் மதிப்பீட்டாளர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் பார்த்தது ஆளை அல்ல, சுவரில் இருந்த திரையை. அதில் பச்சைக் கோடு அசையாமல் கிடந்தது.

கொற்கை அணிக்காக வந்திருந்த தில்லைநாயகி மட்டும் பையனைப் பார்த்தாள். அவள் மாநிலத்துக்காக ஒன்பது வருடம் ஆடியவள். உள்ளே போகும் ரைடரின் கண் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஏழு பேரையும் எண்ணிக்கொண்டு, பின்னால் கோடு எவ்வளவு தூரம் என்பதையும் முதுகாலேயே அளந்துகொண்டு, அந்தக் கண் ஓரிடத்தில் நிற்காது. இவன் கண் நின்றது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருபவனைப் போலப் பார்த்துக்கொண்டு போனான்.

ஒவ்வொரு வருடமும் லீக் தொடங்கும் முன்னால் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு மதுரையில் ஐந்து நாள் முகாம் நடக்கும். முகாம் முடிந்த மறுவாரம் அணிகள் வரிசை முறையில் ஆளுக்கொருவராகத் தேர்ந்தெடுக்கும். முன்பெல்லாம் வேகம், மூச்சு, பிடியிலிருந்து நழுவும் திறமை ஆகியவற்றைத்தான் அளப்பார்கள். மூன்று வருடங்களுக்கு முன் நெற்றிப்பட்டை வந்தது. மூளைக்குள் பயம் எங்கே எழுந்தாலும் அதைப் படித்துத் திரையில் கோடாக வரையும். தொடப்போகும் கணத்தில் ரைடர் தயங்குவதும், அந்தத் தயக்கத்தில் பிடிபடுவதும் பயத்தால்தான் என்று கணக்குப் போட்டவர்கள் சொன்னார்கள். கோடு எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்ல ஆட்டக்காரன் என்று ஆனது. அதற்கு அச்சக்கோடு என்று பெயரும் வந்தது.

அன்று முற்பகல் மூன்றாவது முறையாகச் சுடலைமணி பாடி முடித்தபோது மேலே கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. விளக்குகள் தொங்கிய இரும்புச் சட்டத்தின் ஒரு முனை கழன்று சாய்ந்தது. ஆட்ட மேட் மேல் நின்ற ஏழு பேரும் நான்கு பக்கமும் சிதறி ஓடினார்கள். நாற்காலிகள் கவிழ்ந்தன. சுடலைமணி மட்டும் நடுவில் நின்று, தலையை அண்ணாந்து, அந்தச் சட்டம் எப்படி அவிழ்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

தில்லைநாயகிக்கு வலது முழங்கால் முழுதாக மடங்காது. அப்படியும் எப்படி ஓடினாள் என்று அவளுக்குத் தெரியாது. சட்டையைப் பிடித்து இழுத்து இருவரும் ஆடுகளத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே விழுந்த பிறகுதான் சட்டம் இறங்கியது. அவன் நின்ற இடத்தில் மேட் கிழிந்து சிமெண்ட் தெரிந்தது.

அவன் எழுந்து உட்கார்ந்து அவள் முழங்கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டான்.

"ஏன் தம்பி ஓடலை?" என்று கேட்டாள்.

"விழும்னு தெரிஞ்சிச்சி மேடம். நவுரணும்னுதான் தோணல," என்றான். சொல்லிவிட்டு, நன்றி சொல்ல மறந்தது நினைவுக்கு வந்தவனைப் போல நன்றியும் சொன்னான்.

அப்போது பிடித்த பயம் அவளை அதன் பிறகு விடவில்லை.

கொற்கை அணியின் இயக்குநர் ஜெகவீரன் மதியத்துக்குள் சென்னையிலிருந்து இரண்டு முறை போன் செய்துவிட்டார். சட்டம் விழுந்த காட்சியை யாரோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். தலைக்கு மேலே இரும்பு விழும்போதும் கோடு எழும்பாதவன் பத்து வருடத்துக்கு ஒருத்தன்தான் வருவான் என்றார் அவர். இந்த வருடம் முதல் தேர்வு கொற்கைக்கு. மாலைக்குள் அவன் பெயரை முதலிடத்தில் எழுதி அறிக்கை அனுப்பும்படி சொன்னார்.

தில்லைநாயகி அறிக்கையை எழுதாமல் அப்பாஸின் அறைக்குப் போனாள். அப்பாஸ் முகாமின் கருவிகளை இயக்குபவர், எந்த அணியையும் சேராதவர், அதிகம் பேசாதவர். அவர் அன்றைய பதிவுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தைரியசாலிக்கும் கோடு எழும்பும், உடனே அடங்கும் என்றார் அவர். அது எழும்பி அடங்குவதைத்தான் நாம் தைரியம் என்கிறோம். இவனுடையது எழும்பவே இல்லை. பிறவியிலேயே அப்படி இருப்பவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இந்த முகாமில் மட்டும் மூன்று பேர் இருக்கிறார்கள்.

"மூணு பேரா?"

"இவன் மூணாவது ஆள். மத்த ரெண்டு பேரோட கோடு கொஞ்சம் அசையுது. அவ்வளவுதான் வித்தியாசம்."

பிறகு அவர் மெதுவாக விளக்கினார். பெரிய விபத்தில் தப்பியவர்கள், பார்க்கக் கூடாததைப் பார்த்தவர்கள், வருடக்கணக்கில் தூங்க முடியாமல் தவிப்பவர்கள் ஆகியோருக்கு ஒரு சிகிச்சை உண்டு. மண்டையைத் திறக்க வேண்டாம். காதுக்குக் கேட்காத ஒலியை வெளியிலிருந்தே குவித்து, மூளைக்குள் பாதாம் பருப்பளவு இருக்கும் அந்த இடத்தை மரத்துப்போக வைப்பார்கள். குறைந்த அளவில் கொடுத்தால் சில வாரங்களில் சரியாகும். கூடுதலாகக் கொடுத்தால் நான்கு மாதங்களுக்குள் திருப்ப வேண்டும், அதற்குப் பிறகு முடியாது. ரத்தத்திலோ சிறுநீரிலோ எதுவும் தெரியாது. ஆட்டக்காரர்களுக்கு யாராவது செய்கிறார்களா என்று தனக்குத் தெரியாது என்றார். தெரியாது என்று சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கண்டுபிடிக்க வழியே இல்லையா என்று கேட்டாள். ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். மூச்சுத் திணறும்போது வரும் பயம் மட்டும் அந்த இடத்தைத் தொடாமல் வேறு வழியாக வரும். அது மரத்துப்போகாது. மற்ற பயமெல்லாம் போனவர்களுக்கு அந்த ஒன்று மட்டும் வந்தால், பழக்கமில்லாததால் ஆளையே உலுக்கிவிடும்.

தில்லைநாயகி தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள். இருபத்தாறாவது வயதில் ஒரு இறுதி ஆட்டத்துக்கு முன்னால், வலிக்கிற காலில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து அவளை இறக்கினார்கள். வலி தெரியாமல் இருபது நிமிடம் ஆடினாள். கோப்பை வந்தது. முழங்கால் திரும்ப வரவில்லை. வலி இருந்திருந்தால் இரண்டாவது நிமிடத்திலேயே வெளியே வந்திருப்பாள். அந்த இருபது நிமிடத்தில் தான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்பதுதான் இப்போது அவளுக்கு அதிகக் கலக்கத்தைக் கொடுத்தது.

மறுநாள் காலை அவளைத் தேடிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். சுடலைமணியின் அக்கா பேச்சித்தாய். அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தம்பியை வளர்த்தவள். சட்டம் விழுந்த காட்சியைப் போனில் பார்த்துவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்திருந்தாள். தம்பியைக் காப்பாற்றியதற்குக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்காமலே அழுதாள்.

கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வந்தது. தை மாத லீவில் கல்லூரிப் பயிற்சியாளர் அவனை ஒரு சிறப்புப் பயிற்சி என்று கூட்டிப்போனார். பத்து நாள். திரும்பி வந்தவன் சாப்பிட்டான், சிரித்தான், வேலை செய்தான். ஆனால் ஒரு நாள் தண்டவாளத்தில் விழுந்த செருப்பை எடுக்க, ரயில் வரும்போது இறங்கினான். ஓடுகிற கிரைண்டருக்குள் கையை விட்டு மாவைத் தள்ளினான். அவள் திட்டினால் கேட்டுக்கொள்வான். மறுநாளும் செய்வான்.

"அதக்கூடப் பொறுத்துக்கிட்டேன் மேடம்," என்றாள். "எம் பிள்ளைக்குக் காய்ச்சல்ல வலிப்பு வந்திட்டு. கண்ணு மேல சொருகிட்டு. நான் கத்துதேன். இவன் சோறு தின்னுக்கிட்டு இருந்தான். கையக் கழுவி, சட்டையப் போட்டுக்கிட்டு, நிதானமா ஆட்டோ கூப்பிடப் போறான். மாமா மாமான்னு அவன் தோள்லயே கெடக்க பிள்ளை. பொழச்சிட்டான், அது வேற. ஆனா இவன் பதறலியே. எங்களுக்கு ஏதாவது ஆயிருமோங்கற நெனப்பே அவனுக்கு வர மாட்டேங்கு."

பயம் என்றால் தனக்காகப் படுவது என்றுதான் தில்லைநாயகியும் இத்தனை நாள் நினைத்திருந்தாள். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வரத் தாமதமானால் தெருமுனைக்குப் போய் நிற்க வைப்பதும் அதுதான். ஒலியைக் குவித்து மரத்துப்போக வைத்தவர்கள் அதையும் சேர்த்துத்தான் எடுத்திருந்தார்கள். தையிலிருந்து எண்ணிப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் தானாகச் சரியாகவில்லை என்றால் கொடுத்தது கூடுதல் அளவுதான். நான்கு மாதம் முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது.

ஜெகவீரனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஒரு கேள்விகூட வராதபோதுதான் அவருக்கு இது புதிய செய்தி இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"நமக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சீங்களாம்மா?" என்றார் அவர், கோபமில்லாமல். "எல்லா அணிக்கும் தெரியும். அது மருந்து இல்லை, பதிவு பண்ணின சிகிச்சை. விதியில தடை இல்லை. அந்தப் பையனையே கேளுங்க, கஷ்டமா இருக்கான்னு. ஒரு கஷ்டமும் இல்லைன்னுதான் சொல்லுவான். சாயங்காலத்துக்குள்ள அறிக்கை வரலைன்னா வேற ஆளை அனுப்பிடுவேன்."

அவர் சொன்னது சரியாக இருந்தது. அதுதான் அவளை அச்சுறுத்தியது. சுடலைமணியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நடந்ததையும் இனி நடக்கப்போவதையும் ஒளிக்காமல் சொன்னாள். பதினொரு நாளுக்குள் திருப்பினால் உண்டு, இல்லையென்றால் ஆயுசுக்கும் இப்படித்தான் என்றாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இப்போது தனக்கு எதுவும் குறையாகத் தெரியவில்லையே என்றான். பயமே இல்லாதவனிடம், பயம் இல்லாமல் போய்விடுமே என்று எப்படிப் பயமுறுத்துவது? பேச்சித்தாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அக்கா அழுவது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஏன் அழுகிறாள் என்பதுதான் அவனுக்கு எட்டவில்லை.

கடைசியில் மூச்சுச் சோதனைக்கு ஒப்புக்கொள்கிறாயா என்று தில்லைநாயகி கேட்டாள். சரி என்றான். எதற்கும் சரி என்றுதான் சொல்வான் என்பதால் அந்தச் சம்மதம் அவளுக்கு உறுத்தியது. இரண்டு முறை திரும்பக் கேட்டாள். முகாம் டாக்டரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ரைடர்களின் மூச்சை அளக்கும் முகமூடியை அப்பாஸ் அவனுக்கு மாட்டினார். காற்றில் கரியமில வாயுவைக் கொஞ்சம் கூட்டினார். உயிருக்கு ஆபத்தில்லாத அளவு, அரை நிமிடம்கூட இல்லை.

பத்தாவது நொடியில் அவன் கண் விரிந்தது. பச்சைக் கோடு திரையின் உச்சியில் முட்டி, அதற்கு மேல் இடமில்லாமல் அங்கேயே நின்றது. கால்கள் தரையை உதைத்தன. முகமூடியைப் பிய்த்தெறிந்துவிட்டு தில்லைநாயகியின் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் தோலில் நகம் இறங்கியது.

"என்னது மேடம் இது? என்னது இது?"

அவள் பதில் சொல்வதற்குள் அக்கா எங்கே என்று கேட்டான். பின்னால் நின்ற பேச்சித்தாய் முன்னால் வந்தாள். பிள்ளை எங்கே, யாரிடம் விட்டுவிட்டு வந்தாய், காய்ச்சல் விட்டுவிட்டதா, மாத்திரை கொடுத்தாயா என்று, மூன்றரை மாதமாகக் கேட்காததையெல்லாம் ஒரே மூச்சில் கேட்டான். பேச்சித்தாய் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. மூன்றாவது நிமிடத்தில் கோடு படுத்துவிட்டது. தண்ணீர் கேட்டுக் குடித்தான். மறுபடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவனைப் போல ஆகிவிட்டான். அந்தத் தெளிவைப் பார்க்கப் பயந்து அப்பாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காலித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுடலைமணி பேசினான்.

"அந்தக் கொஞ்ச நேரம் பிள்ளை மொகம் கண்ணுக்குள்ளயே நின்னிச்சி. இப்ப இல்ல. எனக்கு இப்பவும் ஒண்ணும் தோணல மேடம். ஆனா அக்கா பொய் சொல்ல மாட்டா. நீங்களும் வேலை போயிரும்னு தெரிஞ்சே வந்து நிக்கிய. ரெண்டு பேரும் இவ்வளவு பயந்தா அங்கன என்னமோ இருக்கு. எனக்குக் கண்ணு தெரியலன்னா, தெரியுதவங்க சொல்லதக் கேக்கணும்லா?"

அன்று சாயங்காலமே முகாமிலிருந்து தன் பெயரை விலக்கிக்கொண்டான். தில்லைநாயகி ஜெகவீரனுக்கு ஒரு வரியில் விலகல் கடிதம் அனுப்பினாள். லீக்கின் மருத்துவக் குழுவுக்கு நீண்ட அறிக்கை எழுதினாள். எந்தச் சிகிச்சை, சுடலைமணியை எங்கே கூட்டிப்போய்ச் செய்தார்கள், எத்தனை நாளில் திருப்ப முடியாமல் போகிறது, அது எதையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது என்று ஒன்று விடாமல் எழுதினாள். மற்ற இரண்டு பேரின் வீட்டுக்கும் போன் செய்தாள். ஒரு வீட்டில் எடுக்கவில்லை. இன்னொரு வீட்டில் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டதாக நினைத்து நன்றி சொன்னார்கள்.

திருநெல்வேலி அரசு மருத்துவமனையில் ஒரு மூளை டாக்டர் ஏழு அமர்வுகளில் சுடலைமணியின் பயத்தைத் திருப்பினார். அது கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். மடை உடைந்த மாதிரி வந்தது. மின்விசிறியின் கீழே படுக்கமாட்டான். லாரி சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்வான். பள்ளிக்கூடம் போன பிள்ளையைப் பத்து மணிக்கே கூட்டிவரக் கிளம்புவான். மேட் மேல் காலை வைக்க அவனால் முடியவில்லை. ஏழு பேர் எதிரே நிற்பதை நினைத்தாலே வாந்தி எடுத்தான். மறுபடி ஆடுவானா என்பதை டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

தேர்வு நாளில் கொற்கை அணி மற்ற இருவரில் ஒருவனை முதலாவதாக எடுத்தது. மருத்துவக் குழு, அறிக்கை கிடைத்தது, ஆராயக் குழு அமைக்கப்படும் என்று பதில் போட்டது. குழு அமைவதற்கு முன்னால் அறிக்கை வெளியே கசிந்தது. செய்தித்தாள்கள் சிகிச்சை நடக்கும் இடத்தின் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் போட்டன. நாடே கொதிக்கும் என்று தில்லைநாயகி நினைத்தாள். அவளுக்குப் போன்கள்தான் வந்தன.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம் அவள் பேச்சித்தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். சுடலைமணி கதவைப் பாதி திறந்து, யார் என்று பார்த்து, பிறகுதான் விட்டான். மெலிந்திருந்தான். பிள்ளை பக்கத்து வீட்டில் விளையாடும் சத்தம் வந்துகொண்டிருந்தது, அது நிற்கும்போதெல்லாம் அவன் பேச்சும் நின்றது. பேச்சித்தாய் காப்பி கொடுத்தாள். அப்போது போன் அடித்தது.

ஈரோட்டுப் பக்கமிருந்து ஒருவர். மரியாதையான குரல். மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம், நன்றாக ஆடுவான், உள்ளே போனால் மட்டும் கொஞ்சம் தயங்குகிறான் என்றார். பேப்பரில் மேடத்தின் அறிக்கையைப் படித்ததாகச் சொன்னார். அந்த வாரத்தில் அது பதினான்காவது போன். தில்லைநாயகி போனை ஒலிபெருக்கியில் போட்டாள். பயந்து போய்த்தான் அந்த அறிக்கையை எழுதினாள், அதைப் படித்தவர்கள் விலாசம் கேட்டார்கள். அவள் தவித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துச் சுடலைமணி கையை நீட்டினான். போனை வாங்கிக்கொண்டான்.

அறிக்கையில் இருக்கும் ஆள் தான்தான் என்றான். இரும்புச் சட்டம் விழுந்ததைச் சொன்னான். பிள்ளைக்கு வலிப்பு வந்தபோது சோறு தின்றதைச் சொன்னான், அதைச் சொல்லும்போது குரல் உடைந்து நிறுத்தி, மறுபடி சொன்னான். இப்போது தான் படும் பாட்டைச் சொன்னான். இந்தப் பாடே மேல் என்றான். உங்களுக்கு நெஞ்சுவலி வந்தால் உங்கள் மகன் நிதானமாகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவான், அது பரவாயில்லையா என்று கேட்டான். அவன் இவ்வளவு பேசிப் பேச்சித்தாய் கேட்டதில்லை.

போன் ஒலிபெருக்கியில் இருந்ததால் அடுத்து வந்ததை மூவரும் கேட்டார்கள்.

"நீங்க சொல்றது புரியுதுங்க தம்பி. ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்க. அந்த எடம் எங்க இருக்குதுன்னு மட்டும் சொன்னீங்கன்னா போதுமுங்க."

சுடலைமணியின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பார்த்தே இராத ஒருவனுக்காக அவன் உதடு வெளிறிப்போயிருந்தது.

"உங்க பையன்ட்ட நான் ஒரு வார்த்தை பேசணும், அண்ணாச்சி. அவன்ட்டக் குடுங்க. அவனுக்கு இது தெரியுமா?"

"பக்கத்துலதானுங்க இருக்கான்," என்றார் அவர். "அவன்தான் உங்களக் கேக்கச் சொன்னானுங்க."